ஒரே கச்சேரி, ஒரே வேன், இரண்டு தீர்ப்பு

சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்குக் கச்சேரி பார்க்கப் போவதென்றால் வேன் பேசிக்கொண்டுதான் போக வேண்டும். ஊரில் ரயில் நிற்கிறது, அதில் குறையில்லை. ஆனால் கச்சேரி முடிகிற நேரத்துக்குத் திரும்பி வர ரயில் கிடையாது. 200 கிலோமீட்டருக்கு மேல் ஒன்றாக உட்கார்ந்து வருகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு வரமாட்டார்கள், அதுவும் நம் ஆட்கள். அண்மையில் அப்படித் திரும்பியபோது தாப்பா தாண்டியும் ஓயாத ஒரு சண்டைதான் இதை எழுத வைத்தது. பாடகர் சென்னையிலிருந்து வந்தவர். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவர். பெயர் வேண்டாம், சொன்னால் பேச்சு முழுக்க அவரைச் சுற்றியே போய்விடும். எனக்கு வேண்டியது கேட்டவர்கள்.

"காசு தண்டம்லா" என்றது ஒரு கட்சி. இப்படி ஒரு ராத்திரியைப் பார்த்ததே இல்லை என்றது இன்னொரு கட்சி. அதுவரைக்கும் வழக்கமான கதைதான். கொஞ்சம் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் ஒன்று பிடிபட்டது: திட்டியவர்களும் புகழ்ந்தவர்களும் ஒரே விஷயங்களைத்தான் சுட்டினார்கள். அவருடைய மிகப் பிரபலமான பாட்டை வேகம் குறைத்து, தாளக் கருவி எதுவும் இல்லாமல், ஒற்றைக் கித்தாரோடு பாடினார். இன்னொரு பாட்டின் நடுவே பாட்டை நிறுத்திவிட்டுப் பறையும் டிரம்ஸும் மட்டும் பத்து நிமிஷம் போனது. யாரும் கேட்டிராத புதுப் பாட்டு இரண்டு வந்தது. பாட்டுக்குப் பாட்டு அது பிறந்த கதையைச் சொன்னார். கடைசியில் நாலைந்து பழைய ஹிட்டுகளை ஒரே மூச்சில் கோத்து முடித்துவிட்டார். இதே பட்டியலைத்தான் ஒருவர் குற்றமாகவும் பக்கத்துச் சீட்டுக்காரர் சாதனையாகவும் படித்தார்கள்.

வயது வித்தியாசம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் வேனிலேயே அதிகம் கோபப்பட்ட தம்பிக்கு முப்பது வயது ஆகவில்லை. அந்த ஒற்றைக் கித்தார் பாட்டுக்குக் கண் கலங்கியவரோ எழுபது தாண்டிய பெரியம்மா, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர், பேத்தி கட்டாயப்படுத்தி அழைத்து வந்தவர். "பால் வெட்டுறப்ப நிரையில நாங்க பாடுனது இப்படித்தான்யா இருக்கும், மேளம் ஏது தாளம் ஏது" என்றார். ஆகவே வயதை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் காதுகள் எங்கே பழகின என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே பழைய சாலையில் இருக்கும் எங்கள் ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தோட்டம். எல்பில், டோவன்பி, ஹீவுட் என்று பெயர்களைச் சொன்னால் பழைய ஆட்கள் அந்தந்தத் தோட்டத்துக் கோயிலையும் சேர்த்தே சொல்வார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து ஜனம் தாமான் என்கிற குடியிருப்புகளுக்குக் குடி வந்த பிறகும் திருவிழாவுக்குத் தோட்டத்துக்கே திரும்பிப் போகும் வழக்கம் நிற்கவில்லை. அந்தத் திருவிழா இரவுகளில்தான் எங்கள் வட்டாரத்துக்கு மேடை இசை என்பது அறிமுகமானது. தீமிதியோ தேரோ முடிந்ததும் இசைக்குழு ஏறும். ஒரு கீபோர்டு, ஒரு கித்தார், தபேலா, டிரம்ஸ், நான்கு பாடகர்கள்.

அந்தக் குழுக்களுக்கு ஒரே அளவுகோல்தான்: ரெக்கார்டு மாதிரி இருக்கிறதா? எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய பாட்டைப் பாடுகிறவர் அவர் சிரிக்கிற இடத்தில் சிரிக்க வேண்டும், அதே நீளத்துக்குச் சிரிக்க வேண்டும். சிரிப்பு கொஞ்சம் பிந்தினால் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், உதட்டைப் பிதுக்குவார். பல்லவிக்கு முன்னால் வரும் புல்லாங்குழலைக் கீபோர்டில் அப்படியே எடுத்துவிட்டால், பாட்டு தொடங்குமுன்பே கைதட்டல் விழும். நான் பார்த்த ஒரு கீபோர்டுக்காரர் திருவிழாவுக்கு முந்தின வாரம் முழுக்க ஒரே கேசட்டைப் பின்னால் ஓட்டி ஓட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார், நாலு நொடி இசைத் துணுக்குக்காக. அவர் தாளில் எழுதிவைப்பதெல்லாம் ஸ்வரம் கிடையாது. "இங்க மணி", "இங்க ரெண்டு வயலின் கீழ" என்று கோழிக் கிறுக்கலில் குறிப்பு. அந்த உழைப்பைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. அத்தனை வாத்தியக்காரர்கள் சென்னை ஸ்டூடியோவில் உட்கார்ந்து செய்ததை ஒரே ஆள் பத்து விரலில் கொண்டுவருவது வித்தைதான்.

வானொலியும் அதே பாடத்தைத்தான் நடத்தியது. வானொலி ஆறு, இப்போது மின்னல் எப்.எம்., நேயர் விருப்பத்தில் ஒரு பாட்டை வாரத்துக்கு வாரம் கொஞ்சமும் மாறாமல் கொடுத்தது. பின்னால் டி.எச்.ஆர். ராகா வந்து பாட்டுகளை மாற்றியதே தவிர பழக்கத்தை மாற்றவில்லை. பிறந்தநாள் வாழ்த்தோடு வந்த பாட்டு, கல்யாண வீட்டில் ஒலித்த பாட்டு, ஆள் போன வீட்டில் மறுநாள் யாரோ தெரியாமல் போட்டுவிட்ட பாட்டு என்று ஒவ்வொன்றும் ஒரு நாளோடு ஒட்டிக்கொண்டது. அதன் மெட்டை மாற்றினால் அந்த நாளில் கை வைத்தது மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. சினிமாப் பாட்டை ஒருவர் எழுதுகிறார், ஒருவர் இசையமைக்கிறார், ஒருவர் பாடுகிறார், திரையில் வாயசைப்பவர் வேறு ஒருவர். மேடையில் நின்று 'இதை மாற்றுகிறேன்' என்று சொல்லும் உரிமை இவர்களில் யாருக்கு? 2017 மார்ச்சில், அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்த எஸ்.பி.பி.க்கு, தம் அனுமதி இல்லாமல் தம் பாடல்களைப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது நினைவிருக்கும். சட்டத்தில் யார் பக்கம் நியாயம் என்பது தனிக் கதை. ரசிகர்கள் பொங்கியது எதனால் என்பதைப் பாருங்கள். அவர்கள் கணக்கில் பாட்டு ராஜாவுடையதும் இல்லை, பாலுவுடையதும் இல்லை, கேட்டவனுடையது. கேட்டவன் வைத்திருக்கும் பிரதி ரெக்கார்டில் இருக்கும் பிரதி.

தானே எழுதிப் பாடுகிறவர் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்கமாட்டார். அவருக்கு ரெக்கார்டு என்பது அந்தப் பாட்டின் ஒரு நாள் நிலவரம். அதற்குப் பிறகு அவருக்கு வயதாகியிருக்கிறது, காதலித்த பெண் வேறு எங்கோ இருக்கிறாள், அந்த வரி இப்போது வேறு மாதிரி வலிக்கிறது. மேடையில் அதைத் திருத்திக்கொண்டே போகிறார். நாற்பது வாத்தியத்தோடு வந்த பாட்டை ஒற்றைக் கித்தாரோடு பாடினால், 'இதை முதலில் எழுதியபோது இப்படித்தான் இருந்தது' என்று காட்டுகிறார் என்று அர்த்தம். புகழ்ந்த கட்சி அதைப் பிடித்துக்கொண்டது. திட்டிய கட்சிக்கு அது அரைகுறைக் கச்சேரி, பாதி வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் மிச்சம் பிடித்த கச்சேரி.

இந்தச் சண்டைக்கு உலகத்திலேயே பேர்போன உதாரணம் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன். 1965 ஜூலை 25 அன்று நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழாவில் அதுவரை மரக் கித்தாரோடு பாடிக்கொண்டிருந்தவர் மின்சாரக் கித்தாரும் இசைக்குழுவுமாக ஏறினார். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. எதற்காகக் கூச்சல் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. மின்சார இசை பிடிக்காமல் என்கிறார்கள், ஒலியமைப்பு மோசம், வார்த்தையே கேட்கவில்லை என்கிறார்கள், மூன்றே பாட்டோடு குழு இறங்கிவிட்டதால் என்றும் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு மே 17-இல் மான்செஸ்டரில் ஒருவர் "யூதாஸ்!" என்றே கத்தினார். பாட்டுக்காக ஒருவரைக் காட்டிக்கொடுத்தவன் என்று கூப்பிடும் அளவுக்கு உரிமை! பிறகு அறுபது வருஷமாக டிலன் தம் பாட்டுகளை அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றித்தான் பாடுகிறார். பல்லவி வந்த பிறகுதான் இது எந்தப் பாட்டு என்று கூட்டத்துக்கே தெரியும். 2016-இல் நோபல் பரிசு கிடைத்த பிறகும் அந்தப் புகார் நிற்கவில்லை.

அவ்வளவு தூரம் போகாமல் நம் ஊரிலேயே பார்க்கலாம். மலேசியத் தமிழ் இளைஞர்களுக்குத் தாங்களே எழுதிப் பாடும் பழக்கம் புதிதில்லை. தொண்ணூறுகளில் டார்க்கியின் கீஸ் குழு இங்கே தமிழ் ராப் பாடியது. 2006-இல் யோகி பியும் நட்சத்திராவும் 'வல்லவன்' ஆல்பத்தில், 1980-இல் 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா போட்ட 'மடை திறந்து' பாட்டை எடுத்துத் தங்கள் வரிகளை ஏற்றிப் பாடினார்கள். அது சென்னை வரை போய்ச் சேர்ந்தது. எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் அப்போது பெரியவர்கள் "நல்ல பாட்டைக் கெடுத்துட்டானுங்க" என்று புலம்பியதும், பையன்கள் மோட்டார் சைக்கிளில் அதைச் சத்தமாகப் பாடிக்கொண்டு திரிந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைய பையன்களுக்கு இப்போது நாற்பது. அந்த வேனில் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேருமே, பாட்டை மாற்றிவிட்டார் என்று குறைப்பட்டவர்கள்! நான் இதைச் சொல்லிக் காட்டினேன். "அது வேற அண்ணே" என்றார் ஒருவர். எப்படி வேறு என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பறையும் டிரம்ஸும் பத்து நிமிஷம் போனதில் கதை வேறு பக்கம் திரும்பியது. அங்கே எழுந்து நின்று ஆடியவர்கள் பெரும்பாலும் தைப்பூசத்துக்கு உறுமி மேளத்தோடு போகிறவர்கள். உறுமி அடிக்கும் பையன்களிடம் ரெக்கார்டு மாதிரி அடி என்று யாரும் சொல்வதில்லை. காவடி எடுத்தவர் எவ்வளவு நேரம் ஆடுகிறாரோ அவ்வளவு நேரம் அடி நீளும், வேகம் ஏறும், இறங்கும். அந்தக் காதுக்குப் பத்து நிமிஷம் ஒரு பொருட்டே இல்லை. ஆக, எங்கள் தோட்டத்து ஜனத்துக்கு மாற்றம் பிடிக்காது என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. இசைக்குழு மேடை ஒரு காதை வளர்த்தது, மேளம் இன்னொரு காதை வளர்த்தது. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். அன்று எந்தக் காதோடு உட்கார்ந்தார் என்பதில்தான் தீர்ப்பு மாறுகிறது.

சரி, ரசனையை விட்டுவிட்டு ஒலிக்கு வருவோம். இதை நாங்கள் வேனில் பேசவே இல்லை, ஆனால் பாதிச் சண்டைக்கு இதுதான் காரணம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. உள்ளரங்கத்தில் நாங்கள் ஒரே இடத்தில் உட்காரவில்லை. வசதிக்குத் தக்கபடி டிக்கெட், டிக்கெட்டுக்குத் தக்கபடி இடம். கீழே நேர் எதிரே உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் மகிழ்ந்தவர்கள். மேலே பக்கவாட்டில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் நொந்தவர்கள்.

இதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. டிரம்ஸ், பேஸ் கித்தார் போன்ற கனத்த ஒலிகள் ஸ்பீக்கரிலிருந்து எல்லாத் திசையிலும் பரவும். மனிதக் குரலில் வார்த்தையைத் தெளிவாக்கும் மெல்லிய ஒலிகள், அதாவது ச, த, க போன்ற மெய்களின் உரசல், ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் நேராகப் போகும். பக்கவாட்டில் இருப்பவருக்கு அடி மட்டும் நெஞ்சில் வந்து விழும், வரி கரைந்துபோகும். கூடவே கான்கிரீட் சுவரும் இரும்புக் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பி, போன வார்த்தையை இந்த வார்த்தையின் மேல் பூசிவிடும். குத்துப் பாட்டுக்கு இது பெரிய நஷ்டம் இல்லை. வரிகளுக்காகவே கேட்கப்படுகிற ஒருவருக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது. பாட்டுக்கு முன்னால் அவர் சொன்ன கதைகள் 'இழுவை' என்று மேலே இருந்தவர்களுக்குப் பட்டதும் இதனால்தான். கதையே கேட்காதபோது அது வேறு எப்படிப் படும்?

மேலே இருந்தவர்களில் இருவர் இன்னும் ஒரு படி போய், "பாடவே இல்லை, வாயசைச்சான், பாட்டு ஓடுச்சு" என்று அடித்துச் சொன்னார்கள். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 85 மீட்டர் தள்ளி இருப்பவருக்குக் குரல் கால் நொடி பிந்தி வருகிறது. பெரிய திரையில் உதடு உடனே தெரிந்துவிடுகிறது. உதடும் குரலும் பொருந்தாததைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அவர் முழுக்க நேரடியாகத்தான் பாடினார் என்று நான் சத்தியம் செய்யவில்லை. பின்னணிக் குரல்களையும் சில வாத்தியங்களையும் முன்பே பதிந்து ஓட்டுவது இப்போது எல்லா மேடையிலும் நடக்கிறது. ஆனால் அந்தக் கால் நொடியை வைத்துத் திருட்டுப் பட்டம் கட்ட முடியாது.

சுருதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவில் 5 கட்டையில் இருந்த பாட்டை மேடையில் 4 கட்டைக்கு இறக்கிப் பாடுவது சாதாரணம். ஸ்டூடியோவில் ஒரு வரியை வேண்டிய மட்டும் திரும்பப் பாடி, நல்லதை எடுத்து ஒட்டலாம். மேடையில் இரண்டரை மணி நேரம் தொண்டை தாங்க வேண்டும். கேட்பவருக்குக் கட்டைக் கணக்கு தெரியாது, 'என்னவோ உயிர் இல்லை' என்று மட்டும் தெரியும். நூறு தடவை கேட்ட பாட்டின் சுருதி காதில் உட்கார்ந்திருக்கும். அதைச் சற்று இறக்கினாலும் உள்ளுக்குள் ஏதோ இடறும்.

காசு விஷயம். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). முந்நூறு வெள்ளிக்குக் கிட்டத்தில் ஒரு டிக்கெட், அப்புறம் வேன் பங்கு, டோல், ராத்திரிச் சாப்பாடு, மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த ஷிப்ட் காசு. இவ்வளவு கட்டி வருகிறவர் பரிசோதனையைப் பார்க்க வரமாட்டார், தாம் விரும்புகிற பத்துப் பாட்டை வாங்க வருவார். வாரம் ஒரு கச்சேரி பார்க்கக் கிடைக்கிற பெருநகரத்து ரசிகருக்கு ஒன்று சரியில்லை என்றால் அடுத்தது இருக்கிறது. எங்களுக்கு அது வருஷத்துக்கு ஒன்று. திட்டியவர்கள் மேல் எனக்கு வருத்தம் வராததற்கு இதுவே காரணம்.

மொழியிலும் கொஞ்சம் இடறல். அவர் அடித்த நகைச்சுவையெல்லாம் சென்னைப் போக்குவரத்து, சென்னை வீட்டுக்காரர், சென்னை வெயில். தலைநகரத்துக் கூட்டம் சிரித்தது. எங்கள் வரிசை மற்றவர்கள் சிரித்த பிறகு சிரித்தது. மொழி எதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2017 ஜூலை 8-ஐப் பார்க்கலாம். லண்டன் வெம்பிளியில் ஏ.ஆர். ரகுமான் நடத்திய நிகழ்ச்சியின் பெயரே 'நேற்று, இன்று, நாளை'. அப்படியும் தமிழ்ப் பாட்டு அதிகம் என்று இந்தி ரசிகர்கள் சிலர் பாதியில் எழுந்து போனார்கள், காசைத் திருப்பிக் கேட்டார்கள். தமிழ் ரசிகர்களுக்கு அதே இரவு திருவிழா.

இந்த மாதிரிப் பிளவையும் ஏற்பாட்டுக் குளறுபடியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சிக்கு டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். அவர்களுக்குப் பாட்டு பிடிக்கவில்லை என்பது பிரச்சினை இல்லை, பாட்டையே கேட்கவில்லை. ஆனாலும் கோபம் மேடையில் இருந்தவர் பெயருக்குத்தான் போய்ச் சேர்ந்தது. ரசிகர் கண்ணுக்குத் தெரிகிற ஒரே முகம் பாடகர் முகம். வாகன நிறுத்தமிடத்தில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டவர் கூட 'அவர் கச்சேரி சரியில்லை' என்றுதான் ஊரில் வந்து சொல்வார். எங்கள் வேனிலும் அப்படிச் சில குறைகள் பாடகர் கணக்கில் ஏறின. கழிவறை வரிசைக்கு அவர் என்ன செய்வார்?

என் கட்சி எது என்று கேட்டால், பாட்டை மாற்றிப் பாடியதில் நான் அவர் பக்கம். ஒற்றைக் கித்தார் பாட்டில் கடைசிச் சரணத்தின் ஒரு வரியை அவர் இரண்டு தடவை பாடினார், இரண்டாம் தடவை கித்தாரையும் நிறுத்திவிட்டு. ரெக்கார்டில் அந்த வரி வயலின்களுக்கு அடியில் கிடக்கிறது, இத்தனை நாள் நான் அதைக் கேட்டதாகவே நினைவில்லை. புதுப் பாட்டு இரண்டும் சுமார்தான், ஆனால் பாட வேண்டியவைதான். கூட்டம் தெரிந்ததை மட்டும் கேட்டால் எழுதுகிறவன் எழுதுவதை நிறுத்திவிடுவான்.

கடைசியில் பழைய ஹிட்டுகளைக் கோத்துப் பாடிய மெட்லிக்கு மட்டும் என்னிடம் சமாதானம் இல்லை. அரங்கத்தை ஒப்படைக்கும் நேரம் நெருங்குகிறது, பாட வேண்டிய ஹிட்டுகள் மீதம் இருக்கின்றன, எதையும் விட்டுவிட்டால் அதற்கொரு புகார் வரும் என்ற பயத்தில் பல்லவி பல்லவியாக வெட்டிக் கோக்கிறார்கள். அப்படிச் செய்தால் பழைய மாதிரி கேட்க வந்தவருக்கும் பாட்டு இல்லை, புதிதாகக் கேட்க வந்தவருக்கும் பாட்டு இல்லை. அந்த நாலைந்தில் ஒன்றை எடுத்து, முன்னிசை, இடையிசை, மூன்று சரணம் என்று ரெக்கார்டில் இருக்கிறபடியே முழுசாகப் பாடியிருக்கலாம். மற்றதை அடுத்த தடவைக்கு வைத்திருந்தால் யாரும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.